கெண்டைக்கால் அளவு

எங்கள் வீட்டுப் பரணில், பழைய உரச் சாக்கு ஒன்றுக்குள், ஒரு ஜோடி கறுப்பு பூட்ஸ் கிடக்கிறது. முழங்கால் வரை ஏறவேண்டிய பூட்ஸ், ஏறாது. கெண்டைக்காலை ஒட்டிப் பிடிக்கவேண்டிய பூட்ஸ், பிடிக்காது. என் கால் உள்ளே போனபிறகும் பக்கத்தில் ஒரு தேங்காயை இறக்கிவைக்க இடம் இருக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதெல்லாம் அம்மா அதை இறக்கித் தூசி தட்டி, புதுசாகத்தான் இருக்கிறது, யாருக்காவது ஆகும் என்று சொல்லித் திரும்ப ஏற்றிவைப்பாள். யாருக்கும் ஆகாது. எங்கள் ஊரில் குதிரை ஏறிய ஆள் நான் ஒருத்திதான். எனக்கே அது ஆகவில்லை.

எங்கள் ஊர், கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற சாலையில் ஒரு விலக்கில் பிரிந்து உள்ளே போகவேண்டிய ஊர். அப்பாவுக்குக் கரிசல் நிலம். உளுந்து, பாசி, மக்காச்சோளம், மனசு வந்தால் ஒரு பக்கம் பருத்தி. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஐப்பசி பிறந்துவிட்டால் பஸ் ஊருக்குள் வராது, விலக்கு வரை நடைதான். நனைந்த கரிசலில் நடந்தவர்களுக்குத் தெரியும், கொஞ்ச தூரம் போவதற்குள் ஒவ்வொரு காலிலும் ஒரு சட்டி மண் அப்பியிருக்கும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த மண்ணையும் சேர்த்துத் தூக்கித் தூக்கி நடந்து வளர்ந்த கால் என்னுடையது. பத்தாததற்குப் பள்ளியில் கபடி. கெண்டைக்கால் இரண்டும் திரண்டு நிற்கும். அம்மாவுக்கு அது பெரிய கவலை. பொம்பளைப் பிள்ளைக்கு இப்படியா கால் இருக்கும் என்று பாவாடையை இன்னும் கொஞ்சம் இறக்கிக் கட்டச் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

அந்தக் காலுக்கு முதன்முதலில் மரியாதை கிடைத்தது நான் கால்நடை மருத்துவம் படிக்கப் போன வெளியூர்க் கல்லூரியில். அங்கே குதிரைகள் இருந்தன. விருப்பப்பட்ட மாணவர்களுக்கு விடியற்காலையில் குதிரையேற்றம் சொல்லிக்கொடுத்தார்கள். சொல்லிக்கொடுத்தவர் ராணுவத்தில் குதிரைகளோடு இருந்துவிட்டு ஓய்வுபெற்றவர். யாரையும் லேசில் பாராட்டமாட்டார். குதிரையிடம் நாம் பேசுவது வாயால் அல்ல, கெண்டைக்காலால்தான் என்பது அவருடைய முதல் பாடம். லேசாக ஒட்டினால் நட, கொஞ்சம் அழுத்தினால் ஓடு, இன்னும் கொஞ்சம் அழுத்தினால் தாண்டு. சும்மா இருக்கும்போது கால் சும்மா இருக்கவேண்டும், ஆடக்கூடாது. என்னைச் சில நாள் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளைக்குக் கால் இருக்கிறது என்று மற்றவர்களிடம் சொன்னார். பிறந்ததிலிருந்து பாவாடைக்குள் ஒளித்துவைக்கச் சொன்ன காலை ஒருவர் அப்படிச் சொன்னதில் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

எனக்குக் கொடுத்தது செம்பழுப்பு நிறத்தில் ஒரு பெண்குதிரை. கூச்ச சுபாவம். விலாவில் ஈ உட்கார்ந்தாலும் உடம்பு சிலிர்க்கும். மற்றவர்கள் ஏறினால் காதை மடக்கிக்கொண்டு இழுத்துக்கொண்டு ஓடும். என்னிடம் மட்டும் அடங்கி நடந்தது. அதற்குக் காரணம் என் கால் அசையாமல் இருந்ததுதான், வேறு மாயம் ஒன்றும் இல்லை. மூன்றாம் ஆண்டில், கட்டைகளைத் தாண்டும் போட்டிக்கு எங்கள் கல்லூரியிலிருந்து வெளிமாநிலம் போகிறவர்களில் என் பெயரும் வந்தது. அந்தக் குதிரையும் நானும். அதைவிட எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. அதுவரைக்கும் நான் ஆசைப்பட்டுக் கேட்டு, என் சொந்தத் திறமையில் கிடைத்தது அது ஒன்றுதான்.

பயிற்சியில் கணுக்கால் வரை ஷூ போட்டு, அதற்கு மேல் காலைச் சுற்றித் தோல் உறை ஒன்றை மாட்டிக்கொள்வோம். போட்டியில் அது செல்லாது; முழங்கால் வரைக்கும் வருகிற நெடிய பூட்ஸ் வேண்டும். அதுவும் காலோடு ஒட்டியிருக்கவேண்டும். கல்லூரிக் கிடங்கில் இருந்தவை எல்லாம் எப்போதோ பையன்களுக்கு வாங்கியவை. பாதம் பெரிசு, கெண்டைக்கால் ஒல்லி. எனக்குப் பாதத்தில் இரண்டு சாக்ஸ் போட்டாலும் ஆடியது. பின்பக்கத்து ஜிப்போ பாதி வழியில் நின்று மேலே வரமாட்டேன் என்றது. கூடப்படித்த பெண்கள் இரண்டு பேர் சேர்ந்து இழுத்து, கடைசியில் ஜிப்பின் பல்தான் போனது. சொந்தமாக வாங்கிக்கொள், கால் பொருந்தவில்லை என்றால் உன்னை ஏற்றமாட்டேன் என்று வாத்தியார் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். எனக்கு அடுத்து, காத்திருப்பில் ஒரு பெண் இருந்தாள். பெரிய நகரத்துப் பெண். அவளுடைய பூட்ஸ் அவள் காலிலேயே முளைத்தது போல இருக்கும்.

ஆன்லைனில் வரவழைத்துப் பார்த்தேன். வந்தது, ஏறவில்லை, திரும்பிப் போனது. இன்னொன்று வந்தது, அதுவும் போனது. அந்த பூட்ஸ் எல்லாம் எந்த ஊர்க் காலுக்குச் செய்தார்களோ, கரிசலில் நடந்த கால் உலகத்தில் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. தீபாவளி லீவுக்கு ஊருக்கு வந்து கோவில்பட்டிக் கடைகளில் அலைந்தேன். நீள பூட்ஸ் என்றதும் எல்லோரும் மருந்தடிக்கப் போட்டுக்கொள்கிற ரப்பர் பூட்ஸைத்தான் எடுத்துப் போட்டார்கள். குதிரை ஏறுவதற்கு என்றால் சிரித்தார்கள். ஒரு கடைக்காரர், கல்யாண ஊர்வலத்துக்கா, கோயில் கொடைக்கா என்று கேட்டார். எதற்கென்று சொல்லிப் புரியவைக்க எனக்குப் பொறுமை இல்லை.

அப்பாவை இந்த இடத்தில் சொல்லவேண்டும். அவர் கெட்டவர் என்று நான் சொன்னால் அது பொய். நான் குதிரை ஏறுவதில் வீட்டிலேயே அதிகப் பெருமை அவருக்குத்தான். நான் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிற படத்தைப் போனில் வைத்துக்கொண்டு டீக்கடையில், உரக்கடையில், பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் என்று காட்டாத ஆளில்லை. குதிரை அவருக்கு ஒரு அந்தஸ்து. பூட்ஸ் தைக்கிறவர் கோவில்பட்டியிலேயே இருக்கிறார் என்று விசாரித்துக் கண்டுபிடித்ததும் அவர்தான். ரயில் நிலையத்துக்குப் போகிற சாலையை ஒட்டி ஒரு சந்தில் கடை. இளவயதில் மதுரையில், குதிரைப் போலீஸுக்கு பூட்ஸ் தைக்கிற கடையில் வேலை பார்த்தவராம். இப்போது பள்ளிக்கூடப் பைக்கு ஜிப் மாற்றுவதும் பிய்ந்த ஷூவுக்குத் தையல் போடுவதும்தான் அவருக்குப் பிழைப்பு. அப்பாவே மோட்டார் பைக்கில் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

கடைக்காரருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. அப்பாவைவிட நிச்சயம் மூத்தவர். எங்களைப் பார்த்ததும் எழுந்து, ஸ்டூலைத் துண்டால் துடைத்துப் போட்டார். அப்பா உட்காரவில்லை. படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, "ஏப்பா, குதிர பூட்ஸு தைப்பியாமே?" என்று கேட்டார். கோவில்பட்டியில் மளிகைக்கடை, டீக்கடை, மருந்துக்கடை எல்லாவற்றிலும் வாய் நிறைய அண்ணாச்சி போடுகிற மனிதர் என் அப்பா. அந்தப் படியில் மட்டும் அந்தச் சொல் அவர் வாயில் வரவில்லை. எந்தத் தெருக்காரருக்கு எந்தச் சொல் என்பது எங்கள் பக்கம் யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை, தாய்ப்பாலோடு வருகிறது.

கடைக்காரர் பழைய பழக்கம் கையில் வந்துவிட்ட சந்தோஷத்தில் பேசினார். வாத்தியார் சொன்னதையேதான் அவரும் சொன்னார். பூட்ஸ் பின்பக்கம் முட்டி மடிப்பு வரைக்கும் ஏறவேண்டும், போடப் போடக் கணுக்காலில் மடிந்து கொஞ்சம் இறங்கும், அதனால் முதலில் உயரமாகத்தான் தெரியும். கெண்டைக்காலில் தோல் காற்றுப் புகாமல் ஒட்டவேண்டும். அதற்கு, குதிரைமேல் போடுகிற கால்சட்டையோடு உட்காரவைத்து ஒரு அளவு, நிற்கவைத்து ஒரு அளவு, கெண்டைக்காலில் மூன்று இடத்தில் சுற்றளவு எடுக்கவேண்டும். இப்போது போட்டிருக்கிற தொளதொள பேண்ட் என்றால் முட்டிக்கு மேல் சுருட்டிக்கொள்ளவேண்டும். சொல்லிக்கொண்டே டேப்பைக் கையில் எடுத்துவிட்டார்.

அப்பாவின் குரல் மாறவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட ஒரு சண்டையாவது நடந்திருக்கும்.

"அளவு நாங்க வீட்ல எடுத்துச் சொல்லிருதோம். அதுக்குத் தக்கன நீ தச்சுக் குடு," என்றார்.

நான் சும்மா இருக்கவில்லை. "அப்பா, அவிய அளவு எடுத்தாத்தான் சரியா இருக்கும்," என்று அவரை மரியாதையாகவே சொன்னேன். அப்பா என்னைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்துக்கொண்டு, வீட்டில் போய்ப் பேசலாம் என்றார். டேப் வைத்திருந்த கை மெதுவாக இறங்கியது. அப்படி எடுத்தால் சரியாக அமையாது மொதலாளி என்று மட்டும் அவர் சொன்னார். அப்பா அதற்குள் வண்டியை உதைத்துவிட்டார். வழியில் நிறுத்தி எனக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். கால்நடை மருத்துவம் படிக்கிறவளுக்குக் கடலை மிட்டாய். கொடுத்துவிட்டு, "அவன்ட்டப் போயி அவிய இவியன்னுக்கிட்டு நிக்க," என்றார்.

வீட்டில் அளவு எடுத்தது அம்மா. கதவைச் சாத்தி, ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கிற டேப்பைக் கொண்டுவந்தாள். நான் பேண்டைச் சுருட்டினேன். அவள் இழுத்து இறக்கிவிட்டாள். அறைக்குள் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம், அப்போதும் இறக்கிவிட்டாள். துணிக்கு மேலேயே டேப்பைச் சுற்றி, அதற்குள் இரண்டு விரலை நுழைத்துப் பிடித்தாள். எங்கள் பக்கம் எதைத் தைத்தாலும் அப்படித்தான். ஜாக்கெட்டுக்கு உள்ளே துணி விட்டுப் பிடித்துத் தைப்பார்கள், உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ளலாம். பள்ளிக்கூட யூனிபாரம் அடுத்த வருடத்துக்கும் சேர்த்துத்தான் தைக்கப்படும். எனக்குப் பத்தாம் வகுப்பு வரை எந்தச் சட்டையும் அந்த வருடத்தில் சரியாக இருந்ததில்லை. இது தோல் அம்மா, பிரிக்கவும் முடியாது பிடிக்கவும் முடியாது என்றேன். அதற்குத்தான் தாராளமாக விடுகிறேன் என்றாள்.

உயரத்துக்கு வந்தோம். நான் முட்டிக்குப் பின்னால் மடிப்பைத் தொட்டுக் காட்டினேன். அம்மா பதறிவிட்டாள். "அவ்வளவு ஒசரத்துக்குத் தச்சா எப்படிட்டி குத்தவைப்ப?" என்று கேட்டாள். காலில் எதைப் போட்டாலும் அதோடு குத்தவைக்க முடியவேண்டும். களை பறிக்க, பாத்திரம் தேய்க்க, ஒதுங்க. குதிரைமேல் உட்கார்ந்து குத்தவைக்கப் போவதில்லை என்று எவ்வளவோ சொன்னேன். டேப்பை நாலு விரல் கீழே இறக்கி, அங்கேதான் நின்றாள். நான் டேப்பைப் பிடுங்கி நானே எடுத்துப் பார்த்தேன். குனிந்தால் சதை அளவு மாறுகிறது, நிமிர்ந்தால் டேப் தெரியவில்லை. ஆனாலும் அம்மாவின் அளவுக்கு எவ்வளவோ பரவாயில்லை என்று என் அளவை அப்பாவிடம் சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டு, என் முன்னாலேயே போன் போட்டுக் கடைக்காரரிடம் அம்மாவின் அளவைச் சொன்னார்.

ஏன் என்று கேட்டேன். உன் அளவில் தைத்தால் காலோடு ஒட்டி நிற்கும், கால் வடிவு தெரியும், வேண்டாம் என்றார். காலோடு ஒட்டி நிற்கத்தானே பூட்ஸ் தைப்பது? அதைச் சொல்லச் சொல்ல அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

மறுநாள் எட்டயபுரத்தில் தோழியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, விலக்கில் எதிர்ப்பக்கம் நின்று கோவில்பட்டி பஸ் ஏறினேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. சேறு ஒட்டிய செருப்பைக் கடை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். குதிரைக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தேன், மேலே நீள டாப் மறைத்திருந்தது. அளவு எடுங்க என்று காலை நீட்டினேன். அவர் டேப்பைத் தொடவில்லை. எழுந்து போய்க் கடைக்கு வெளியே, மழையில் நின்றார்.

"உங்க அப்பா வேண்டாம்னு சொன்ன பொறவு நான் கைவைக்க மாட்டேன் தாயி. நீங்க படிச்சுட்டு வெளியூரு போயிருவீங்க. நான் இங்கனதான் கடை வச்சிருக்கணும்," என்றார்.

யாருக்கும் தெரியாது என்றேன். அவர் எதிரே இருந்த கடைகளைக் காட்டினார். சைக்கிள் கடையில் இருந்தவர்கள் ஏற்கனவே எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே வரும்வரை அவர் கடைக்குள் ஏறவில்லை. தன் சொந்தக் கடைக்கு வெளியே, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு வயசாளி நனைந்து நிற்கிறார், உள்ளே நான் வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கிறேன். அவர்மேல் எனக்கு அன்றைக்குக் கோபம் வந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் அந்தக் கோபம் யார்மேல் போகவேண்டுமோ அவர்மேல் போனது.

கல்லூரிக்குத் திரும்பியதும் விடுதித் தோழியை வைத்து ஒழுங்காக அளவெடுத்து அவருக்குப் போன் செய்தேன். தோலை வெட்டியாச்சே தாயி என்றார். இனி அதில் ஒன்றும் செய்வதற்கில்லை.

பூட்ஸ் தயாரானதும் அப்பாவே அதை எடுத்துக்கொண்டு பஸ் மாறி பஸ் மாறி விடுதி வாசலுக்கு வந்து நின்றார். வேட்டி சட்டை எல்லாம் புதுசு. கையில் கடம்பூர் போளிப் பொட்டலம் வேறு. நான் பூட்ஸைப் போட்டேன். பாதம் அருமையாக உட்கார்ந்தது. ஒரு பக்கம் தையல் கொஞ்சம் கோணல், அது போகட்டும். மேலேதான் இரண்டு வாளிக்குள் காலை விட்டுக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. உயரமோ கெண்டைக்கால் சதையின் பாதிக்குக் கொஞ்சம் மேலே முடிந்துவிட்டது. அப்பா எட்ட நின்று பார்த்துவிட்டு, ராணி கணக்காக இருக்கிறது என்றார். லாயத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லி, குதிரையின் பக்கத்தில் என்னை நிறுத்திப் படம் எடுத்தார். நான் சிரிக்கவில்லை, அப்போதும் எடுத்தார். இன்றைக்கும் அவர் போனில் முகப்புப் படம் அதுதான். படத்தில் பார்க்கிறவர்களுக்கு பூட்ஸ் பொருந்தாதது தெரியாது, பளபளவென்று கறுப்பாகத் தெரியும்.

அடுத்த வாரம் வாத்தியார் எங்களை அந்தந்த உடுப்போடு ஏறி ஓட்டிக் காட்டச் சொன்னார். நான் கெண்டைக்காலைச் சுற்றி பேண்டேஜ் துணியைச் சுற்றினேன், அதற்கு மேல் ஒரு சாக்ஸ், அதற்கு மேல் பூட்ஸ். ஏறும்போது சரியாக இருப்பதுபோல்தான் இருந்தது. முதல் கட்டையைத் தாண்டியதும் துணி உள்ளே சரிந்து இறங்கியது. பூட்ஸ் காலைச் சுற்றித் திரும்ப ஆரம்பித்தது. மேல் விளிம்பு சேணத்தின் ஓரத்தில் மாட்டி மாட்டி இழுத்தது. நான் காலை அசைக்காமல் வைத்திருந்தேன், ஆனால் பூட்ஸ் ஆடியது. குதிரைக்கு அது தெரியுமா? விலாவில் தட்தட்டென்று அடி விழுவதாகத்தான் தெரியும். என்னிடம் ஒருநாளும் காதை மடக்காத குதிரை அன்றைக்கு மடக்கியது. வேகம் எடுத்தது. மூன்றாவது கட்டைக்கு முன்னால் திடீரென்று நின்றது. நான் நிற்கவில்லை, அதன் கழுத்துக்கு மேலே போய் மண்ணில் விழுந்தேன். எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஒரு பூட்ஸ் காலைவிட்டு உருவி, கால் வைக்கிற அங்கவடியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

வாத்தியார் குதிரையைப் பிடித்து நடக்கவிட்டு, அதன் கால் நாலையும் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். தொங்கிய பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்து, அதற்குள் தன் கை முழுவதையும் விட்டுப் பார்த்தார்.

"இதுக்கு அளவு எடுத்தது யாரு?" என்று கேட்டார்.

என்ன சொல்வது? எங்கள் வீட்டில் யாருக்கும் என் கால் அளவு தெரியாது என்றா? அவர் திட்டவில்லை. காத்திருப்பில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டு என் குதிரையில் ஏறச் சொன்னார். அவளுக்கு ஏற்றபடி அங்கவடியின் வாரைக் குட்டையாக்கிக் கொடுத்தது நான்தான்.

போட்டிக்கு நானும் போனேன், குதிரையைப் பார்த்துக்கொள்ள. தீனி வைத்தேன், பிடரி பின்னினேன், அது என்னைப் பார்த்துக் கனைத்தால் போய் நின்றேன். களத்துக்குள் போவதற்கு முன்னால் ஏறி உட்கார்ந்தவரின் பூட்ஸை, கீழே நிற்கிறவர் துணியால் துடைத்துவிடுவது அங்கே வழக்கம். புழுதி இருக்கக்கூடாது. அவள் இடது காலைப் பிடித்துத் துடைத்தேன். பிறகு சுற்றிப் போய் வலது காலைத் துடைத்தேன். முட்டி மடிப்பு வரை ஏறி, கெண்டைக்காலை விட்டு ஒரு நூல் விலகாத பூட்ஸ். தோல் உள்ளே அவள் கால் அசைவது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. எந்தக் கௌரவத்துக்காக ஒரு மனிதரின் கையை என் காலில் படவிடவில்லையோ, அந்தக் கௌரவம் அன்று என்னைக் கொண்டுபோய் இன்னொருத்தியின் காலடியில் துணியோடு நிறுத்தியது. அப்பா அதைப் படம் எடுத்திருக்கவேண்டும். அவள் ஒரு கட்டையைத் தட்டிவிட்டாள், பரிசு எதுவும் வரவில்லை. அதில் எனக்கு ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை.

அதற்கடுத்த வருடம் அந்தக் குதிரைக்கு வயதாகிவிட்டது என்று தாண்டவிடவில்லை. எனக்கும் படிப்பின் கடைசி ஆண்டுகள், மாட்டுப்பண்ணை, பயிற்சி என்று போய்விட்டது. அவ்வளவுதான் என் குதிரையேற்றம்.

ஊரில் அப்பா என்ன சொன்னார் என்றால், கோவில்பட்டியில் அந்த ஆளுக்கு பூட்ஸ் தைக்கத் தெரியவில்லை, பிள்ளையைக் குதிரையிலிருந்து விழவைத்துவிட்டான் என்று சொன்னார். டீக்கடையில் சொன்னார், உரக்கடையில் சொன்னார். அளவு நாம்தானே கொடுத்தோம் என்று நான் சண்டைக்குப் போனால், தொழில் தெரிந்தவன் என்றால் எந்த அளவைக் கொடுத்தாலும் பார்த்துத் தைக்கவேண்டாமா என்று கேட்பார். அந்த மனிதர் காதுக்கு அது போயிருக்கும். கோவில்பட்டி அவ்வளவு பெரிய ஊர் இல்லை. நான் ஒருமுறை அந்தச் சந்துக்குப் போனபோது அவர் ஒரு பள்ளிக்கூடப் பைக்கு ஜிப் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்தார், ஸ்டூலைத் துடைத்தார், பூட்ஸைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் சொல்ல நினைத்துப் போனதைச் சொன்னேன், தப்பு உங்கள்மேல் இல்லை என்று. சரி தாயி என்றார். எங்கள் அப்பாவிடம் போய் அதைச் சொல்லவா முடியும் அவரால்?

போன வருடம் எனக்குக் கல்யாணம் பேசி முடித்தார்கள். கொலுசு எடுக்கக் கோவில்பட்டியில் ஒரு வெள்ளிக்கடைக்கு அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் போனோம். குளிரூட்டிய கடை. என்னை மெத்தை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கடைக்காரர் அப்பாவைவிடப் பத்து வயதாவது இளையவர். நெற்றியில் சந்தனம், கழுத்தில் மெல்லிய சங்கிலி. என் முன்னால் ஒரு குட்டை ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, என் வலது பாதத்தைத் தூக்கித் தன் முழங்காலில் வைத்துக்கொண்டார். பேண்டைக் கணுக்காலுக்கு மேலே அவரே ஏற்றிவிட்டார். ஒரு கொலுசை மாட்டினார், கழற்றினார், இன்னொன்றை மாட்டினார். கணுக்காலைச் சுற்றி விரலை ஓட்டி, பாப்பாவுக்குக் கால் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறது, அளவு பார்த்துத்தான் வைக்கவேண்டும் என்றார். அம்மா எதையும் இழுத்து இறக்கிவிடவில்லை. கழுத்தை நீட்டிக் கொலுசைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா சுத்திப் பாருங்க அண்ணாச்சி," என்றார் அப்பா. "நீங்க அளவு எடுத்தாத்தான் சரியா இருக்கும்."

நான் திரும்பி அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. அந்தச் சொற்களை இதற்கு முன்னால் எங்கே, யார் வாயில் கேட்டோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. கடைப்பையன் கொண்டுவந்த டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் இரண்டு வளையத்தைக் கழற்றிக் குறைத்து, திரும்ப மாட்டி, என் காலை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினார். இரண்டு விரல் கூட விடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

கொலுசு கச்சிதமாக உட்கார்ந்தது. இன்றுவரை ஒருநாள்கூடக் கழன்றதில்லை.